தை முதல் பங்குனி வரை: கரிசலில் இலையுதிரும் மரங்களைப் படமெடுத்தல்

இலையுதிர் காலப் படம் என்றால் பலருக்கும் நினைவில் வருவது காலண்டரில் பார்த்துப் பழகிய காட்சிதான்: சிவந்த மேப்பிள் மரங்கள், குளிர்ந்த ஏரி, பாதை முழுக்கப் பழுத்த இலை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு அக்டோபரில் கோவில்பட்டிப் பக்கம் வந்தால் கரிசல் காடு வேறு வேலையில் இருக்கும். புரட்டாசியும் ஐப்பசியும் இங்கே விதைப்புக் காலம். வடகிழக்குப் பருவமழையை நம்பி மக்காச்சோளம், உளுந்து, பாசி, பருத்தி எல்லாம் மண்ணுக்குள் போகிற நேரம். முதல் மழையில் தூசி கழுவப்பட்டு வேம்பும் உடையும் பச்சைப்பசேலென்று நிற்கும். உதிர்ந்த இலையைத் தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

கரிசலிலும் இலை உதிர்கிறது. தையில் தொடங்கி, மாசியில் உச்சம் தொட்டு, பங்குனியில் தளிராக முடிகிறது. அதற்கென்று தனி நிறமும் தனி வெளிச்சமும் பின்னணியும் உண்டு. அவற்றை அறிந்து போகிறவருக்குக் கேமரா எதுவானாலும் நல்ல படம் கிடைக்கும்.

இங்கே இலை ஏன் உதிர்கிறது

குளிர்நாட்டு மரம் பகல் குறைவதையும் குளிர் கூடுவதையும் கண்டு இலையை விடுகிறது. நம் மரம் தண்ணீருக்காக விடுகிறது. மார்கழியோடு மழை ஓய்ந்துவிடும். அடுத்த சில வாரங்களில் மண்ணின் ஈரம் இறங்கும், காற்று காயும். இலை வழியாக நீர் ஆவியாகிப் போவதைத் தடுக்க மரம் இலைகளைக் கழிக்கிறது. கழிப்பதற்கு முன் இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையம் சிதைந்ததும், அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. மாசி வேம்பின் மஞ்சள் அதுதான்.

சிவப்புக்குக் காரணம் வேறொரு நிறமி. மேப்பிள் மரத்தில் அது முதிர்ந்த இலையில் சேர்கிறது. வேம்பிலும் அரசிலும் இலுப்பையிலும் தளிரில் சேர்ந்து, இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து காக்கிறது. ஆகவே நம் ஊரில் சிவப்பைப் பார்க்க விரும்புகிறவர் கிளை நுனியைப் பார்க்க வேண்டும். ஒரே கிளையில் அடியில் பழுத்த மஞ்சளும் நுனியில் செம்புத் தளிரும் சேர்ந்து நிற்கும் நாட்கள் சிலவே. இந்தப் பருவத்தின் மிக அரிய படம் அந்த நாட்களில்தான் கிடைக்கும்.

நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மழை நன்றாகப் பெய்து கண்மாயில் தண்ணீர் நின்றால் உதிர்வு தள்ளிப்போகும். மழை பொய்த்த ஆண்டில் தையிலேயே மரங்கள் மெலிந்துவிடும். நாட்காட்டியை நம்புவதைவிட, வீட்டருகே உள்ள வேம்பின் அடியில் சருகு சேர்வதைக் கவனித்துப் புறப்படுவதே சரி.

எந்த மரத்தில் எதைப் பார்ப்பது

வேம்பு: பழுப்பதும் உதிர்வதும் தளிர்ப்பதும் சில வாரங்களுக்குள் நடந்துவிடும். ஒரு தெருவின் வேம்பு மொட்டையாக நிற்கும்போது அடுத்த தெருவின் வேம்பு தளிர்த்திருக்கும். இரண்டும் ஒரே சட்டகத்தில் விழும் இடத்தைத் தேடுங்கள். பங்குனியில் வெண்பூ தொடங்கிவிடும்.

அரசு: கண்மாய்க்கரையிலும் பிள்ளையார் மேடையிலும் நிற்பது. தளிர் இளஞ்சிவப்பும் செம்பும் கலந்து பளபளக்கும். இலையின் வால் நீண்டது. சிறு காற்றுக்கே நடுங்குவதால் ஷட்டர் வேகம் 1/250க்குக் கீழே இறங்க வேண்டாம்.

வாகை: இலை முழுக்கக் கொட்டியபின் வைக்கோல் நிறத்தில் தட்டையான காய்கள் மட்டும் தொங்கும். காற்றில் சலசலக்கும். பின்வெயிலில் காய்க்குள் இருக்கும் விதைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

வாதாங்கொட்டை மரம்: பள்ளிக்கூட வளாகங்களிலும் வீட்டு முற்றங்களிலும் நிற்கிறது. சமவெளியில் முதிர்ந்த இலையே ரத்தச் சிவப்பாவது பெரும்பாலும் இந்த மரத்தில்தான். ஒரே இலையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். நெருக்கப் படத்துக்கு ஏற்றது.

புங்கை: பழைய இலை உதிர்ந்த சில நாட்களில் எலுமிச்சைப் பச்சையில் தளிர் மூடிவிடும். காய்ந்த சுற்றுப்புறத்தில் அந்தப் பச்சை தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

உடை: பெரிதாக இலை உதிர்ப்பதில்லை. ஆனால் விரித்த குடையாய்த் தட்டையான அதன் தலைப்பகுதியும் வெண்முள்ளும் கரிசலின் அடையாளம். பொழுது சாயும்போது நிழலுருவமாக எடுக்க இதைவிடப் பொருத்தமான மரம் இல்லை.

பனை: உதிர்வதற்குப் பதில் காவோலைகள் கழுத்தைச் சுற்றித் தொங்கும். குருத்தோலையின் பச்சையும் காவோலையின் பழுப்பும் ஒரே தண்டில் நிற்பதை நெருங்கிப் பாருங்கள்.

மாசிக் காய்ச்சலிலும் செழித்துப் பச்சையாக நிற்கும் புதரைக் கண்டால் அது பெரும்பாலும் சீமைக்கருவேலம். உதிர்வின் நிறங்களை அது அமுக்கிவிடும். அது சட்டகத்துக்குள் வராத கோணத்தைத் தேடுங்கள்.

மரத்தோடு நிலத்தையும் சேர்த்துப் பாருங்கள். அறுவடை முடிந்த புஞ்சையில் மக்காச்சோளத் தட்டை காய்ந்து நிற்கும். பருத்தி வெடித்து வெள்ளையாகச் சிரிக்கும். கரிசலில் பழுத்த நிறம் மரத்தில் கொஞ்சம், காட்டில் அதிகம்.

வெயில் கணக்கு

பிப்ரவரி நடுவில் கோவில்பட்டியில் சூரியன் காலை சுமார் 6.40க்கு உதித்து மாலை சுமார் 6.25க்கு மறைகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஏறக்குறையச் செங்குத்தாக, மணிக்குக் கிட்டத்தட்ட 15 பாகை ஏறிவிடும். குளிர்நாட்டில் மணிக்கணக்கில் கிடைக்கும் சாய்ந்த வெளிச்சம் இங்கே காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே. கருக்கலிலேயே மரத்தடிக்குப் போய்விட வேண்டும். எட்டு மணிக்குப் போனால் வெயில் வெளுத்திருக்கும்.

தையில் சில நாட்கள் விடியலில் லேசான மூட்டம் தரையோடு படியும். பின்னாலுள்ள மரங்களும் காற்றாலைக் கோபுரங்களும் மங்கி, முன்னாலுள்ள ஒற்றை மரம் தெளிவாகப் பிரிந்து நிற்கும். பனித்துளி காய்வதற்குள் எடுத்துவிடுங்கள்.

வெயில் மரத்தின் பின்னாலிருந்து வரும்படி நில்லுங்கள். பழுத்த இலையும் தளிரும் மெல்லியவை, ஒளி அவற்றை ஊடுருவும். முன்வெயிலில் மங்கலாகத் தெரிந்த வேப்பந்தளிர் பின்வெயிலில் செம்பாக எரியும். சூரியனை ஒரு கிளைக்குப் பின்னால் ஒளித்து, இலையின் மேல் ஒளியளவு எடுங்கள்.

உச்சிவெயிலில் வண்ணப் படத்தைத் தவிர்த்து நிழலைப் படமாக்குங்கள். மொட்டைக் கிளையின் நிழல் தரையிலும் வெள்ளைச் சுவரிலும் கோலமிடும். தாமதிக்க வேண்டாம்: சித்திரை முதல் நாளை ஒட்டி உச்சி வேளையில் சூரியன் கோவில்பட்டிக்கு நேர் மேலே வந்துவிடும். அதன்பின் நிழல் மரத்தடியிலேயே சுருங்கும்.

கரிசல் மண்ணும் கேமராவின் மீட்டரும்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கேமராவின் ஒளிமானி தான் பார்க்கும் எதையும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்கிறது. கரிசல் மண் சட்டகத்தை நிறைத்தால், 'இருட்டாக இருக்கிறது' என்று முடிவு கட்டி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுத்த மண் சாம்பலாகும். அதன்மேல் கிடக்கும் மஞ்சள் இலை வெளுத்துப்போகும். கரிசலைக் கரிசலாகவே காட்ட, ஒளியீட்டுத் திருத்தத்தை மைனஸ் 1 வரை குறையுங்கள். மண் கறுக்கும், இலை தன் நிறத்துக்குத் திரும்பும். வெடித்த பருத்திக் காட்டில் இதற்கு நேர்மாறு: பிளஸ் 1 கூட்டாவிட்டால் வெண்மை அழுக்காகிவிடும்.

வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். மாலை மஞ்சளைக் 'கோளாறு' என்று எண்ணித் தானியங்கி அதைத் துடைத்துவிடும். 'பகல் வெளிச்சம்' அல்லது 'மேகமூட்டம்' என்ற அமைப்பில் வையுங்கள்.

முழு மரத்துக்கும் நிலக்காட்சிக்கும் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200 நல்ல தொடக்கம். விழும் இலையை அந்தரத்தில் நிறுத்த 1/500 அல்லது அதற்கு மேல் வேண்டும். காற்றில் ஆடும் கிளையை அசைவாகவே காட்ட 1/15க்கு இறக்கி, கேமராவை முக்காலியில் பொருத்துங்கள். தடித்த இலைகளின் மினுக்கத்தைக் குறைக்க ஒளிமுனைவு வடிகட்டி உதவும். வெயில் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்போது அது நன்றாக வேலை செய்யும்.

மாசிக்குப் பின் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் உப்பிய களிமண் காயும்போது சுருங்குவதால் வரும் வெடிப்பு அது. முக்காலியின் கால் அதற்குள் இறங்கிவிடும். கல் மேலோ பொழியின் (வரப்பின்) கெட்டித் தரையிலோ ஊன்றுங்கள். தூசி நுண்ணியது. திறந்த காட்டில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

மொபைலில் எடுப்பவர்களுக்கு

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி மொபைலிலும் முடியும். திரையில் இலையைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியளவும் பூட்டிக்கொள்ளும். அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் மண் கறுக்கும். காட்சியைத் தானே கண்டறிந்து 'மெருகேற்றும்' வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சருகுக்கும் பச்சை ஏற்றிவிடும். தூரக் கிளையை விரலால் பெரிதாக்க வேண்டாம், நடந்து கிட்டே போங்கள். எடுக்குமுன் லென்ஸை ஒரு மென்துணியால் துடையுங்கள். கரிசல் தூசி படிந்த லென்ஸில் பின்வெயில் படம் கலங்கித்தான் வரும்.

நிற்கும் இடத்தை மாற்றுங்கள்

பெரும்பாலான மரப் படங்கள் ஒரே மாதிரி இருக்கக் காரணம் மரம் இல்லை. எல்லோரும் நின்ற நிலையில், கண் மட்டத்தில், மரத்துக்கு எதிரே நின்று எடுக்கிறோம். ஒரே மரத்தை ஐந்து வகையில் எடுத்துப் பாருங்கள்.

மரத்தடியில் மல்லாந்து படுத்து மேலே பாருங்கள். அடிமரம் கோபுரமாக எழும், கிளைகள் வானத்தைக் கூறுபோடும்.

தரையோடு தரையாகக் குனியுங்கள். ஒரு வேப்பஞ்சருகு கறுத்த மண்வெடிப்பின் விளிம்பில் கிடக்கும். மஞ்சளுக்கு இவ்வளவு பொருத்தமான கறுப்புப் பின்னணியைக் கரிசல் இலவசமாகத் தருகிறது.

பட்டையை நெருங்குங்கள். மஞ்சணத்தியின் பிளந்த பட்டையும் முதிர்ந்த வேம்பின் தழும்புகளும் ஆண்டுக்கணக்கான வெக்கையின் பதிவுகள். பக்கவாட்டு வெயிலில் ஒவ்வொரு பள்ளமும் தெரியும்.

விலகிப் போங்கள். மேடு பள்ளம் குறைந்த நிலத்தில் ஒற்றை மரத்துக்கு உள்ள கம்பீரம் அருகில் நின்றால் தெரியாது. தொடுவானத்தைச் சட்டகத்தின் அடியில் வைத்து, வானத்துக்கு முக்கால் பங்கு கொடுங்கள்.

ஐந்தாவதாக, கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மரத்தடியில் உட்காருங்கள். சருகின் மேல் ஓணான் ஓடும் சத்தம், வாகைக் காயின் சலசலப்பு, இலை கொட்டிய கிளையில் வந்து அமரும் பனங்காடை, இரட்டைவால் குருவி எல்லாம் அப்போதுதான் தென்படும். மறைப்பு இல்லாத கிளையில் பறவையைப் பார்க்க இதுவே நல்ல பருவம். பார்த்து முடித்தவரின் படத்தில் ஒரு தெளிவு இருக்கும்.

மொட்டை மரமும் கறுப்பு வெள்ளையும்

இலை முழுக்க உதிர்ந்தபின் பலர் படமெடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். மரத்தின் எலும்பு தெரிவது அப்போதுதான். எந்தக் கிளை எந்தக் காற்றுக்கு வளைந்தது, எங்கே வெட்டுப்பட்டு மறுபடி கிளைத்தது என்று வாசிக்கலாம். இதற்கு வண்ணம் தேவையில்லை.

இந்த மண்ணுக்கு அருகிலிருந்தே ஒரு முன்னோடி உண்டு. 1912இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். இந்தியாவின் தலைசிறந்த இயற்கையியலாளர்களில் ஒருவர். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தவர். பல பாகங்களைத் தானே பொருத்தி அமைத்துக்கொண்ட கேமராவைப் பயன்படுத்தினார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கை பற்றிய பத்தி எழுதினார். காட்டு யானைக்குக் கொடுத்த கவனத்தை அணிலுக்கும் காக்கைக்கும் கொடுத்தவர் அவர். கருவியின் விலையில் படம் இல்லை, பொறுமையிலும் அறிவிலும் இருக்கிறது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

மொட்டை வாகையையோ குடையாய் நிற்கும் உடையையோ கறுப்பு வெள்ளையில் எடுக்கும்போது பின்னணி வெறும் வானமாக இருக்கட்டும். மின்கம்பியும் கைபேசிக் கோபுரமும் விலகும்வரை இடம் மாறுங்கள். கிளையின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத கோணம் கிடைக்கும்வரை மரத்தைச் சுற்றி வாருங்கள்.

போகவேண்டிய இடங்கள்

கழுகுமலை: கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. பாண்டியர் காலத்தில், 8ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒரே பாறையை மேலிருந்து குடைந்த வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் இங்கே உள்ளன. பாறை மேலிருந்து பார்த்தால் கறுத்த புஞ்சைகள், இடையிடையே தனித்து நிற்கும் மரங்கள் எனக் கரிசல் விரிந்து கிடக்கும். மரங்களை மேலிருந்து எடுக்க இந்த வட்டாரத்தில் இது தோதான இடம்.

இடைசெவல்: கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் இடையே உள்ள சிற்றூர். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்தவர் கி.ரா. போவதற்கு முன் அவர் எழுதிய ஏதேனும் ஒன்றை வாசித்துவிட்டுப் போங்கள். ஒரு நிலத்தின் மரம், புல், காற்று ஆகியவற்றுக்குப் பெயர் தெரிந்தவர் கண்ணில் அதிகம் படும்.

கயத்தாறு: காற்றாலைகள் நிறைந்த நிலம். 1799இல் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர். பனையும் காற்றாலையும் ஒரே கோட்டில் நிற்கும் மாலைக் காட்சி இங்கே கிடைக்கும்.

எட்டயபுரம், விளாத்திகுளம் சாலைகள்: கிழக்கே போகப்போக நிலம் சமமாகும், மரம் அருகும். ஒற்றை மரப் படங்களுக்கு இந்தப் பக்கம் வாருங்கள்.

குருமலை: கோவில்பட்டியை அடுத்த காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது. அடிவாரத்துப் புஞ்சையிலிருந்தே மலையைப் பின்னணியாக வைத்து எடுக்கலாம்.

மரியாதையும் பாதுகாப்பும்

ஆளில்லாத காடு போலத் தெரியும் ஒவ்வொரு புஞ்சைக்கும் சொந்தக்காரர் உண்டு. பக்கத்தில் யாராவது இருந்தால், "அண்ணாச்சி, இந்த மரத்தப் படம் எடுத்துக்கிடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மறுப்பவர் அரிது. மரத்தின் வயது, அதன் அடியில் நடந்த கதை எல்லாம் சேர்ந்தே கிடைக்கும். மிளகாய், மல்லிச் செடிகளை மிதிக்காமல் பொழி மேல் நடங்கள். அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை போட்டிருந்தால், கிடையைக் காக்கும் கீதாரியிடம் கேட்காமல் கிட்டே போகாதீர்கள். ஆடு மிரண்டால் கிடை சிதறும், காவல் நாயும் சும்மா இருக்காது.

அய்யனார் கோயில், சுடலை கோயில் மரங்களுக்குக் கீழே செருப்பைக் கழற்றுங்கள். சாமியைப் படமெடுக்குமுன் பூசாரியிடம் கேளுங்கள். படத்துக்காகக் கிளையை ஒடிப்பதும், சருகை அள்ளி வீசுவதும், கூட்டிலுள்ள பறவையைக் கிளப்பிவிடுவதும் வேண்டாம். சருகுக்குள்ளும் மண்வெடிப்புக்குள்ளும் பாம்பும் தேளும் இருக்கும். கையை விடுமுன் ஒரு குச்சியால் தட்டுங்கள். உடைமுள்ளும் கருவேல முள்ளும் மெல்லிய செருப்பைத் துளைக்கும், கெட்டியான காலணி அவசியம். தண்ணீரும் தலைக்குத் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி: ஒரே மரம்

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். தை முதல் நாளில் தொடங்கி சித்திரை பிறக்கும்வரை, வாரம் ஒருமுறை, அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில், அதே லென்ஸில் ஒரு படம் எடுங்கள். நிற்கும் இடத்தில் ஒரு கல்லைப் பதித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பொதுப்படம் ஒன்று, உங்களுக்குப் பிடித்த நெருக்கப் படம் ஒன்று போதும். தேதி, மழை பெய்ததா, முதல் தளிர் எப்போது, முதல் பூ எப்போது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பள்ளி ஆசிரியர்கள் வளாகத்து மரத்தை வைத்து மாணவர்களை இதில் ஈடுபடுத்தலாம்.

சித்திரையில் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் பச்சை, மஞ்சள், மொட்டை, செம்பு, மீண்டும் பச்சை என்று ஒரு மரத்தின் முழுச் சுற்றும் உங்கள் கையில் இருக்கும். அடுத்த ஆண்டும் தொடர்ந்தால், மழைக்கும் உதிர்வுக்கும் உள்ள உறவைச் சொல்லும் ஆவணமாக அது வளரும். வெளிநாட்டு இலையுதிர் காலத்துக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. இந்தத் தையில் உங்கள் தெருமுனை வேம்பிலிருந்து தொடங்குங்கள்.